ஆக்ஸ்போர்டு யூனியன்: மாணவர் வளர்த்த சொல்மன்றம்

மாணவர் சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் காட்சிகள் சில உண்டு. தேர்தல் நாளில் கல்லூரிச் சுவரை மறைக்கும் விளம்பரத் தாள்கள், மாலை சூடிய தலைவர், ஆண்டு விழா மேடை, ஒரோவழி வகுப்புப் புறக்கணிப்பு என்பன அவை. இவையெல்லாம் சங்கத்தின் புறத்தோற்றங்களே. சங்கம் ஏன் தோன்றிற்று? அதனுள்ளே நடைபெறும் பணி யாது? அப்பணியால் மாணவன் பெறும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் பழமையான சங்கம் ஒன்றின் வரலாற்றை அறிதல் நலம். அத்தகையனவற்றுள் உலகறிந்தது இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு யூனியன் ஆகும்.

பல்கலைக் கழக மாணவர் அமைப்புக்கள் இரு வகைப்படும் என்பதை முதற்கண் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு வகை, மாணவரின் பேராளாக நின்று அவர்தம் குறைகளையும் தேவைகளையும் நிருவாகத்தினரிடம் எடுத்துரைப்பது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் 1884-இல் ராபர்ட் பிட்ஸ்ராய் பெல் என்ற மாணவரின் முயற்சியால் தோன்றிய மாணவர் பேராண்மைக் குழு இவ்வகையில் முன்னோடி. ஐந்தே ஆண்டுகளில், 1889-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துப் பல்கலைக் கழகச் சட்டம் இத்தகைய குழுக்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. மற்றொரு வகை, மாணவர் தாமே கூடிப் பொதுப் பொருள்களைப் பற்றி வாதிட்டு, வாக்கெடுத்து முடிவு காணும் சொற்போர் மன்றம். ஆக்ஸ்போர்டு யூனியன் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவ்வூரிலேயே முதல் வகை அமைப்பும் தனியே உண்டு. அதற்குப் பல்கலைக் கழகத்தின் ஏற்பு 1974-இல்தான் கிடைத்தது. எனவே, ஆக்ஸ்போர்டில் உரிமை கேட்கும் சங்கம் முறையாக அமைவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, சொல்லாடும் சங்கம் தோன்றிவிட்டது.

அது தோன்றிய காலம் சொல்லுக்கு அஞ்சிய காலம். பிரெஞ்சுப் புரட்சியின் நினைவு ஆள்வோர் உள்ளத்திலிருந்து அகலவில்லை. நெப்போலியனோடு நடத்திய நெடும்போர் 1815-இல் முடிந்தபின் நாட்டிலே வேலையின்மையும் உணவு விலையேற்றமும் மக்களை வாட்டின. 1817-இல் பிரிட்டிஷ் அரசாங்கம், விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைப்பதைத் தடுக்கும் சட்டத்தையே சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பொதுக் கூட்டங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள், சிறு சொற்போர்க் கழகங்கள் மூன்றினை இணைத்து 1815-இல் ஒரு யூனியனை நிறுவியிருந்தனர். 1817-இல் ஒருநாள், பல்கலைக் கழகத்தின் ஒழுங்குக் காவல் அதிகாரிகள் கூட்டத்தினுள் புகுந்து மாணவரைக் கலைந்துபோகப் பணித்தனர். அன்று தலைமை வகித்த மாணவர் வில்லியம் ஹூவெல். பிற்காலத்தில் பேரறிஞராய் விளங்கி, விஞ்ஞானி என்பதற்கு இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லை ஆக்கித் தந்தவர். துணைவேந்தர் அக்கழகத்தை மூடினார். நான்காண்டுகள் கழித்து, 1821-இல், அண்மைக்கால அரசியலை விவாதித்தல் ஆகாது என்ற நிபந்தனையின் மேல் அது மீண்டும் திறக்கப்பெற்றது.

இந்தச் சூழ்நிலையிலேதான் 1823-இல் ஆக்ஸ்போர்டு மாணவர் சிலர் கூடித் தமக்கென ஒரு சொற்போர்க் கழகம் கண்டனர். அதன் முதல் விவாதப் பொருள் கருதத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் முதலாம் சார்லஸ் மன்னருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குக் காரணம் மன்னரின் கொடுமையா, மக்களிடையே பரவிய குடியாட்சி உணர்ச்சியா என்பதே அது. நடப்பு அரசியலைத் தொடாமல் பழைய வரலாற்றையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். எனினும் மன்னனின் குற்றத்தை மாணவன் ஆராயலாம் என்ற எண்ணமே அந்நாளில் புதுமை. 1825-இல் இக்கழகம் கலைக்கப்பெற்று, ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற பெயரோடு புதிதாக அமைந்தது.

சில ஆண்டுகளுக்குள் தடையெல்லாம் தளர்ந்தது. 1831-ஆம் ஆண்டு மே மாதம், நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதா நாட்டையே கலக்கிக்கொண்டிருந்த வேளையில், யூனியனும் அதனை விவாதித்தது. வில்லியம் கிளாட்ஸ்டன் என்ற மாணவர் எழுந்து, முக்கால் மணி நேரம் மசோதாவை எதிர்த்து முழங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அமைச்சரவையைக் கண்டித்த அவர் கட்சிக்கு 94 வாக்குக்களும் எதிர்க்கட்சிக்கு 38 வாக்குக்களும் கிடைத்தன. அவ்வுரையின் புகழ், உடன் பயின்ற ஒருவர் வாயிலாக அவர் தந்தையாகிய நியூகாசில் கோமகன் செவிக்கு எட்டிற்று. கோமகனின் ஆதரவால் மறு ஆண்டே கிளாட்ஸ்டன் நாடாளுமன்றம் புகுந்தார். நான்கு முறை பிரதம மந்திரியாக விளங்கியவர் இவரே. இன்னொரு செய்தியும் அறிய வேண்டும். வாக்குரிமை விரிவதை 1831-இல் எதிர்த்த அதே கிளாட்ஸ்டன், 1884-இல் நாட்டுப்புற உழைப்பாளர் பலருக்கும் வாக்குரிமை வழங்கும் சட்டத்தைத் தம் அமைச்சரவையின் பெயரால் கொண்டுவந்தார். மாணவப் பருவத்தில் ஒருவன் எந்தக் கட்சியில் நின்று பேசினான் என்பது அவன் வாழ்வை அறுதியிட்டு விடுவதில்லை. எதிர்வாதத்தைக் கேட்டுப் பழகிய செவி, காலம் வரும்போது அதனை ஏற்கவும் கூடும்.

இனி, யூனியனின் அமைப்பைக் காண்போம். அது பல்கலைக் கழகத்தின் துறையன்று. உறுப்பினர் கட்டணத்தைக் கொண்டு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் தனிக்கழகம். பல்கலைக் கழக மாணவர் எல்லாரும் இயல்பாகவே அதன் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. விரும்பியோர் பணம் செலுத்திச் சேர்வர். இதனால் இரு விளைவுகள் உண்டாயின. நிருவாகத்தினர் நினைத்தபோது அதன் வாயை அடைத்தல் எளிதன்று, இது நன்மை. பொருளில்லாத மாணவன் வாயிலிலேயே நின்றுவிட நேரும், இது குறை.

ஆக்ஸ்போர்டில் கல்வியாண்டு மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. யூனியனின் முதன்மை அலுவலர் நால்வர்: தலைவர், நூலகர், பொருளாளர், செயலாளர். நால்வரும் மாணவரே. இவர்களுடைய பதவிக்காலம் ஓராண்டன்று, ஒரு பருவமே. ஆகவே ஓராண்டில் மூவர் தலைமை ஏற்பர். அடுத்த பருவத் தலைவரை முந்திய பருவத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுவதால், பொறுப்பேற்பவர் விவாதப் பொருள்களை வகுக்கவும் வெளியூர்ப் பேச்சாளரை அழைக்கவும் கால இடைவெளி பெறுகிறார். நால்வருக்கும் துணையாக நிலைக்குழு ஒன்று உண்டு. குழு உறுப்பினராய்த் தொடங்கிச் செயலாளர், பொருளாளர், நூலகர் என்று படிப்படியாக ஏறித் தலைமையை அடைதலே பெரும்பான்மை வழக்கம். பதவிக்காலம் குறுகியதாகையால் எவரும் மன்றத்தைத் தம் உடைமையாக்கிக் கொள்ள இயலாது. தமக்கு வாக்களிக்குமாறு வீடுவீடாகச் சென்று கேட்பதும் நெடுங்காலம் விதியால் விலக்கப்பட்டிருந்தது. மன்றத்தில் பேசிய பேச்சே வேட்பாளரின் பரிந்துரையாக வேண்டும் என்பது கருத்து. அவ்விதி எப்போதும் செம்மையாகக் காக்கப்பட்டது என்று கூற முடியாது. தேர்தல் முறைகேடு பற்றிய வழக்குகள் மன்றத்துக்குள் எழுந்தமை அதன் வரலாற்றில் புதிதன்று.

நூலகர் என்ற பதவிப் பெயர் நமக்கு வியப்பளிக்கலாம். பல்கலைக் கழகத்தின் புகழ்பெற்ற பாட்லியன் நூலகம் நூல்களை வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கொடுப்பதில்லை. ஆதலால் இரவல் தரும் யூனியன் நூலகம் மாணவருக்குப் பெருந்துணையாயிற்று. இன்று நூலகமாக விளங்கும் கூடமே 1857-இல் முதல் விவாத மண்டபமாக எழுந்தது. இளம் ஓவியர்களாகிய ராஸட்டி, வில்லியம் மாரிஸ், பர்ன்-ஜோன்ஸ் முதலியோர் ஆர்தர் மன்னன் கதையை அதன் சுவரில் தீட்டினர். சுவரைத் தக்கவாறு பதப்படுத்தாமையால் ஓவியங்கள் விரைவிலேயே மங்கின. 1879-இல் வேறொரு பெரிய மண்டபம் கட்டப்பெற்று, விவாதங்கள் அங்கு மாறின.

விவாதம் நடைபெறும் முறையே யூனியனின் உயிர்நிலை. பருவந்தோறும் வியாழக்கிழமை மாலைகளில் மன்றம் கூடும். 'இம்மன்றம் இவ்வாறு கருதுகிறது' என்ற வடிவில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்படும். ஒருவர் அதனை முன்மொழிவார்; ஒருவர் எதிர்ப்பார்; பிறகு இரு சார்பிலும் மாறி மாறிப் பேசுவர். அவையில் அமர்ந்துள்ள உறுப்பினரும் இடையே எழுந்து பேச இடமுண்டு. பேசுவோர் எதிரியை நோக்கிப் பேசுவதில்லை. தலைவரையே விளித்துப் பேசுதல் வேண்டும். சினம் மூண்டாலும் அது தலைவரின் ஆசனத்தைச் சுற்றிக்கொண்டுதான் எதிரியைச் சென்றடைய வேண்டும்! அதற்குள் அதன் வெம்மை ஓரளவு தணிந்துவிடும். ஒவ்வொருவர்க்கும் காலவரையறை உண்டு. முடிவில் உறுப்பினர் மண்டபத்தை விட்டு வெளியேறும் வாயிலே அவர்தம் வாக்கு. ஏற்போர் ஒரு வாயிலாலும் மறுப்போர் மற்றொரு வாயிலாலும் செல்வர். இரு தொகைகளும் நடவடிக்கை ஏட்டில் பதியப்பெறும். வென்றோர் தொகை மட்டுமன்று, தோற்றோர் தொகையும் ஏட்டில் நிலைபெறுகிறது. இச்சிறு வழக்கத்தின் பெருமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மன்றத்தின் தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தாது. அதனால் ஒரு சட்டமும் மாறாது. ஒரு காசும் கைமாறாது. ஆயினும் வெறும் சொல்லுக்கு உலகம் எவ்வளவு அஞ்சும் என்பதை 1933-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், 'எந்நிலையிலும் இம்மன்றம் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போர் புரியாது' என்ற கருத்துடைய தீர்மானம் வந்தது. முதல் உலகப் போரின் பேரழிவு முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. ஜெர்மனியில் ஹிட்லர் பதவியேற்றுப் பத்து நாட்களே ஆகியிருந்தன. தத்துவ அறிஞர் ஜோட் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். குவின்டின் ஹாக் எதிர்த்துப் பேசினார். தீர்மானம் 275-க்கு 153 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது.

நாடெங்கும் கூச்சல் எழுந்தது. பத்திரிகைகள் மாணவரைக் கோழைகள் என்று இகழ்ந்தன. கோழைமையின் சின்னமாகிய வெண்சிறகுகள் மன்றத்துக்கு அனுப்பப்பெற்றன. ஒரு கூட்டத்தார் மண்டபத்துள் புகுந்து, அத்தீர்மானம் எழுதப்பட்ட ஏட்டுப் பக்கத்தைக் கிழித்தெறிந்தனர். பின்னர் வின்ஸ்டன் சர்ச்சிலின் மகன் ராண்டால்ப் சர்ச்சில், தீர்மானத்தையே ஏட்டினின்றும் நீக்கிவிட வேண்டும் என்று மன்றத்தில் முறையாகக் கோரினார். அக்கோரிக்கைக்கு ஆதரவாக 138 பேரும் எதிராக 750 பேரும் வாக்களித்தனர். போர் மறுப்பை ஏற்றோர் 275 பேர்; ஏட்டைத் திருத்தக் கூடாது என்று கூறியவரோ 750 பேர். ஆகவே முதல் தீர்மானத்தை ஆதரியாதவரும் பலர், நடந்த வாக்கெடுப்பை அழிக்க இடம் தரவில்லை என்று கொள்ளலாம். ஒரு முடிவு பிடிக்கவில்லையாயின் மீண்டும் வாதிட்டு அதனை மாற்றலாம்; அம்முடிவு எடுக்கப்படவே இல்லை என்று பொய் எழுதக் கூடாது. மன்றத்தின் அறம் இதுவே.

அந்த மாணவர்கள் உண்மையில் கோழைகள்தாமா? 1939-இல் போர் மூண்டபோது, ஆக்ஸ்போர்டில் கூடிய படைச்சேர்ப்புக் குழுவின் முன், தகுதியுடைய ஏறத்தாழ 3,000 பேரில் 2,600-க்கும் மேற்பட்டோர் தாமாகவே முன்வந்தனர். ஆறு ஆண்டு இடைவெளியில் மாணவர் பலர் மாறியிருப்பர். எனினும் ஒரு மாலைப்பொழுதின் வாக்கைக் கொண்டு ஒரு தலைமுறையின் உள்ளத்தை அளந்துவிட முடியாது என்பது தெளிவு.

புறத்தாரின் சினத்தை எதிர்த்து நின்ற இம்மன்றம், தன் அகத்தே இருந்த குறையைக் காணப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல். யூனியன் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றதோ 1963-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் பட்டம் பெறத் தகுதியுடைய மாணவிக்கு வாக்களிக்கத் தகுதியில்லை என்று இருந்தது. கதவு திறந்தபின் மாற்றம் விரைந்தது. 1968-இல் ஜெரால்டின் ஜோன்ஸ் முதல் பெண் தலைவராக விளங்கினார். 1977-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த பெனாசிர் பூட்டோ அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

ஆசிய மாணவர்க்கு அக்கதவு முன்னரே சிறிது திறந்திருந்தது. 1934-இல் பம்பாயைச் சேர்ந்த டி. எப். கராக்கா தலைவரானார், அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைமையை 1938-இல் ஏற்றவர் ஒரு தமிழர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த டாக்டர் சுப்பராயனின் மைந்தர் மோகன் குமாரமங்கலமே அவர். பின்னாளில் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இந்திய அரசின் அமைச்சராகவும் பணிபுரிந்தார். இலங்கையினின்றும் சென்றோர் வரிசை தனிச்சிறப்புடையது. 1920-களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆக்ஸ்போர்டு யூனியனின் செயலாளர் பதவியை வென்றார். தலைமைக்கு நின்று தோற்றார். 1958-இல் லலித் அத்துலத்முதலி தலைவரானார். அவரையடுத்து 1959-இல் இலங்கைத் தமிழராகிய லக்ஷ்மன் கதிர்காமர் அவ்வாசனத்தை அணிசெய்தார்.

இவர்களுடைய பிற்கால வரலாற்றை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது. இலங்கைப் பிரதமராயிருந்த பண்டாரநாயக்கா 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அத்துலத்முதலி 1993-இல் தேர்தல் கூட்டம் ஒன்றில் சுட்டுக்கொல்லப்பட்டார். வெளிநாட்டமைச்சராயிருந்த கதிர்காமர் 2005-இல் தம் இல்லத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பெனாசிர் பூட்டோ 2007-இல் ராவல்பிண்டியில் கொலையுண்டார். இந்நால்வரின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் நால்வரும் இளமையில், மறுப்பவன் ஒரு வாயிலால் வெளியேறிச் செல்வான் என்று மட்டுமே கண்ட மன்றத்தில் பயின்றவர்கள். மறுப்பவன் துப்பாக்கியோடு வருவான் என்பது அம்மன்றத்தின் விதியில் இல்லை.

இதிலிருந்து இன்னும் நுண்மையான பாடம் ஒன்றும் பெறலாம். யூனியனில் இவ்வாரம் தோற்றவன் அடுத்த வாரம் வெல்லக் கூடும்; பொருள் மாறுந்தோறும் பெரும்பான்மையும் மாறும். மொழியாலும் இனத்தாலும் பிரிந்த நாட்டிலோ சிறுபான்மையினர் என்றும் சிறுபான்மையினராகவே இருப்பர். பண்டாரநாயக்கா 1956-இல் சிங்களம் ஒன்றையே ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைப் பெரும்பான்மை வாக்கால் நிறைவேற்றினார். மறு ஆண்டு தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அமர்ந்து பேசி ஓர் உடன்படிக்கை செய்தார். எதிர்ப்புக் கிளம்பவே 1958-இல் அதனைக் கைவிட்டார். அதன்பின் அந்நாடு பட்ட துயரம் நீண்டது. வாக்கில் வெல்லும் கலையை மன்றம் கற்பிக்கும். வென்றபின், தோற்றோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை யாது என்பதை எந்த மன்றமும் தானாகக் கற்பிக்காது. தோற்றோர் தொகையையும் ஏட்டில் எழுதும் வழக்கத்தின் உட்பொருளை உணர்ந்தவனே அதனைக் கற்றவன்.

யூனியன் மேல் சாட்டப்படும் வேறொரு குற்றமும் உண்டு. ஒதுக்கிய கட்சிக்கு நின்று எதையும் நிலைநாட்டும் நாவன்மையை அது வளர்க்கிறது. உண்மையைவிட நயத்தைப் பெரிதாக்குகிறது என்பர். ஆஸ்குவித், எட்வர்டு ஹீத், போரிஸ் ஜான்சன் என்று பிரதம மந்திரிகளாய் வந்தோர் பலர் அதன் தலைவராயிருந்தமையால், அஃது ஆட்சிக்கு ஏறும் ஏணியாகிவிட்டது என்போரும் உளர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மாணவரின் அன்றாடக் குறைகளைத் தீர்க்கும் பணி, முன்னர்க் கூறிய முதல் வகைச் சங்கங்களின் பணியாகவே இருந்து வருகிறது. அவற்றுக்குப் பிரிட்டனில் 1922-இல் தேசிய மாணவர் யூனியன் என்னும் பேரமைப்புத் தோன்றியது. 1994-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமோ, மாணவர் சங்கத்துக்கு எழுத்து வடிவான அமைப்பு விதி வேண்டும், முக்கியப் பதவிகளை மறைமுக வாக்கெடுப்பால் நிரப்ப வேண்டும், விரும்பாத மாணவன் உறுப்பினர் ஆகாமல் விலகியிருக்கலாம் என்றெல்லாம் வரையறுத்தது. உரிமை கேட்கும் சங்கமும் சொல்லாடும் மன்றமும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. வாதிட்டுப் பழகாதவன் கேட்கும் உரிமை கூச்சலாய் முடியும். பிறர் குறையை அறியாதவன் செய்யும் வாதம் விளையாட்டாய் முடியும்.

இத்தகைய மன்றம் ஒன்றை நிறுவப் பெருஞ்செல்வமோ வண்ண ஓவிய மண்டபமோ வேண்டுவதில்லை. ஒரு வகுப்பறையும், ஒரு தலைவரும், ஒரு கடிகாரமும், ஒரு நடவடிக்கை ஏடும் போதும். தலைவர் பருவந்தோறும் மாறுக. எதிர்க்கட்சிக்கும் அதே அளவு நேரம் தருக. இரு தொகைகளையும் ஏட்டில் எழுதுக. எழுதியதை எவர் வந்தாலும் கிழிக்க விடாதிருங்கள். எளிய விதிகள்தாம். இவற்றைக் காப்பாற்றுவதற்கே ஆக்ஸ்போர்டு மாணவர் 1933-இல் இரு கட்சியினரும் ஒன்றாய் நிற்க வேண்டியிருந்தது.

திருக்குறளில் 'கேள்வி' நாற்பத்திரண்டாம் அதிகாரமாக வருகிறது. 'சொல்வன்மை' அறுபத்தைந்தாம் அதிகாரமாக வருகிறது. அதற்கும் பின்னரே 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' ஆகியவை இடம் பெறுகின்றன. முதலில் செவி, பின்னர் நா, அதன்பின் அவை. அவை முன் அஞ்சாது நிற்க விரும்பும் மாணவன், தன்னை மறுத்துப் பேசுபவனின் உரையை இறுதிவரை இருந்து கேட்கும் பழக்கத்தினின்றும் தன் பயிற்சியைத் தொடங்குவானாக.